சொல்ல முடியாமல் வளரும் பிள்ளை

குடும்பப் பத்திரிகையில் எழுதத்தக்க பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பத்தில் நிகழ்வதைக் குடும்பப் பத்திரிகையில் எழுதாவிடின் வேறு எங்கே எழுதுவது? தன் பாலினத்தவரையே மனம் நாடும் இயல்போடு வளர்ந்து ஆளாகும் பிள்ளைகள் அயல்நாட்டில் மட்டும் பிறப்பதில்லை. நம் பங்குகளிலும் பிறக்கின்றனர். நம் கோவில்களிலேயே ஞானஸ்நானம் பெறுகின்றனர். பீடச் சிறுவராய்ப் பணி செய்கின்றனர். பாடகர் குழுவில் பாடுகின்றனர். தம்மைப் பற்றிய ஒரே ஒரு செய்தியை மட்டும் வீட்டில் எவரிடமும் சொல்ல முடியாமல் வளர்கின்றனர். அவர்களைப் பற்றியும், ஒருநாள் அச்செய்தியைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோரைப் பற்றியும் சற்றே நிதானமாய்ச் சிந்திக்க வாசகர்களை அழைக்கிறோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் செய்தித்தாள்கள் நெடுங்காலமாய் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதி வந்தன. அது ஒரு செயலைக் குறிக்கும் சொல். பதின்மூன்று வயதில் தன் மனம் போகும் போக்கைக் கண்டு அஞ்சி, ஒன்றும் செய்தறியாமல், தலையணையில் முகம் புதைத்து அழும் சிறுவனுக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்? 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல் இப்போது வழக்கிற்கு வந்துள்ளது. அது மனத்தின் நாட்டத்தைக் குறிக்கிறது. ஆதலின் அதையே நாமும் ஆள்வோம். ஆணுடலோடு பிறந்தும் தம்மைப் பெண்ணாகவே உணரும் திருநங்கையரின் நிலை வேறு. தன்னை ஆணாகவே உணர்ந்து ஆணையே நாடும் மனத்தின் நிலை வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் பலர். சிறாரைச் சீரழிக்கும் கொடுங்குற்றத்தோடு இதை முடிச்சுப் போடுவோரும் உளர். அது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

இத்தகைய பிள்ளை எப்படி வளர்கிறான்? பத்து, பன்னிரண்டு வயதில் உடன் படிக்கும் பையன்கள் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கிசுகிசுக்கத் தொடங்குகின்றனர். இவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கப் பழகுகிறான். தன் மனம் வேறு திசையில் போகிறதென்பது இவனுக்குத் தெரியும். அதற்குப் பெயர் என்னவென்பது தெரியாது. பெயர் தெரிய வருவதோ, பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகத்தான். பள்ளி மைதானத்திலும், திரைப்படக் கேலிக் காட்சியிலும், சில வேளைகளில் மாமனோ சித்தப்பனோ உணவுப் பந்தியில் உதிர்க்கும் நகைச்சுவையிலும் அச்சொல் அவன் காதில் விழுகிறது. எல்லாரும் சிரிக்கின்றனர். தாயும் சிரிக்கிறாள். அன்று அவன் மனத்தில் ஒரு கதவு மூடிக்கொள்கிறது. அதன்பின் அவன் கோவிலுக்கு வருவதே ஓர் உடன்படிக்கை பேசத்தான்: 'ஆண்டவரே, என்னை மாற்றிவிடும், ஒன்பது நாள் நவநாள் செய்கிறேன்.' நவநாள் முடிகிறது, அவன் மாறவில்லை. கடவுளும் தன்னைக் கைவிட்டார் என்று பதினான்கு வயதுப் பிள்ளை முடிவுகட்டுவது எத்துணைத் துயரம்! பெண்பிள்ளைகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் இன்னும் ஆழமாய் ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கின்றனர் என்பதே வேறுபாடு.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இப்பிள்ளை அடக்கமானவன், பக்தியுள்ளவன், பெண்களை ஏறெடுத்தும் பாராதவன். 'தேவ அழைத்தல் இருக்கிறது போலும்' என்று ஊரார் மெச்சுவதும் உண்டு. குருமடம் ஒளிந்துகொள்ளும் இடமன்று என்பதைக் குருமடத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் என்ற முறையில் சொல்லிவைக்கிறோம். இந்நாட்டம் ஆழ வேரூன்றியவர்களைக் குருமடத்தில் ஏற்பது குறித்து 2005ஆம் ஆண்டு உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் கட்டுப்பாடு விதித்துள்ளது. மணம் முடிக்க மனமில்லாமை வேறு, அழைத்தல் வேறு.

இப்படி வளர்ந்தவர்களில், குருக்களாகிய எமக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அருட்தந்தை ஹென்றி நௌவன் 1932ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் நைக்கெர்க் ஊரில் பிறந்தார். சிறுவனாய் இருக்கையிலேயே பூசை வைத்து விளையாடுவதில் அவருக்கிருந்த ஆசையைக் கண்ட பாட்டி, தச்சரைக் கொண்டு சிறு பீடமே செய்வித்துக் கொடுத்தார். 1957இல் குருப்பட்டம். பின் உளவியல் கல்வி. அமெரிக்காவின் நோட்டர் டேம், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பேராசிரியப் பணி. 1972இல் அவர் எழுதி வெளியிட்ட 'காயமுற்ற குணமளிப்பவர்' என்னும் நூலைப் படித்துத் தெம்பு பெற்ற குருக்களும் துறவியரும் உலகெங்கும் உளர். இத்துணைப் புகழுக்கு நடுவே அம்மனிதர் தீராத தனிமையால் வாடினார். நள்ளிரவில் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் தேடுவார். அவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை நெருங்கிய நண்பர் சிலரே அறிந்திருந்தனர். அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1999இல் மைக்கேல் ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே பலரும் இதை அறிந்தனர். தம் கற்பு வாக்குறுதியை இறுதிவரை காத்த குரு அவர் என்பதும் அவரை அறிந்தோர் கூறும் சான்று.

1986இல் பல்கலைக்கழகங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கனடாவில் டொராண்டோ நகருக்கு அருகேயுள்ள டேபிரேக் இல்லத்திற்குச் சென்றார். அறிவு வளர்ச்சி குன்றியோரும் அவர்களுக்குத் துணையாய் இருப்போரும் ஒன்றாய் வாழும் லார்ஷ் குடும்பங்களுள் அது ஒன்று. பேசவோ நடக்கவோ இயலாத ஆடம் என்னும் இளைஞரை நாள்தோறும் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் பணி இப்பேராசிரியருக்குத் தரப்பட்டது. அவரது புத்தகங்களை ஆடம் அறியார், பட்டங்களை அறியார். அங்கே சேர்ந்த மறு ஆண்டின் இறுதியில், உயிருக்குயிராய்க் கருதிய ஒரு நட்பு முறிந்தபோது, நௌவன் மனம் உடைந்துபோனார். வின்னிபெக் நகரில் ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கி, வழிகாட்டிகளின் துணையோடு தம்மைத் தாமே நேருக்கு நேர் பார்க்கக் கற்றார். இல்லத்தார் அவரைத் தள்ளிவிடவில்லை. திரும்பி வந்தபோது இடம் காத்திருந்தது. அன்று எழுதிய குறிப்புகளை எட்டாண்டுகள் கழித்தே நூலாக்க இசைந்தார்.

ரெம்பிராண்ட் வரைந்த ஊதாரி மைந்தன் ஓவியத்தைப் பற்றிய அவரது நூல் 1992இல் வந்தது. உருசிய நாட்டின் அருங்காட்சியகத்தில் அவ்வோவியத்தின் முன் அவர் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். மகனின் முதுகில் பதிந்திருக்கும் தந்தையின் கைகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று வலுவாய்ப் பற்றுகிறது, மற்றது மென்மையாய்த் தடவுகிறது. தந்தையும் தாயும் ஒருவரிலே இருப்பதாய் நௌவன் கண்டார். 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மாரடைப்பால் அவர் இறந்ததும், அந்த ஓவியத்தைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் எடுக்கப் புறப்பட்டுச் செல்லும் வழியில்தான். அவரது இயல்பு இறுதிவரை மாறவில்லை. தாம் அன்பு செய்யப்பட்டவர் என்பதை நம்பத் தொடங்கினார். அதற்கே ஐம்பத்தைந்து, அறுபது ஆண்டுகள் ஆயின. இத்துணைக் கல்வியும் இறைவேண்டலும் உடையவருக்கே இத்தனை காலமென்றால், நம் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை யாரிடம் போவான்?

இனிப் பெற்றோரிடம் வருவோம். செய்தி தெரிந்த அன்று பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: 'எங்கள் வளர்ப்பில் என்ன குறை?' கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளப்பகுப்பாய்வு மருத்துவர் சிலர், அளவுக்கு மீறி அணைக்கும் தாயும் விலகி நிற்கும் தந்தையுமே இதற்குக் காரணம் என்று எழுதினர். பல தாய்மார்கள் அதைக் கேட்டு ஆயுள் முழுவதும் தம்மை நொந்துகொண்டனர். அக்கருத்து ஆய்வில் நிலைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2357) இந்நாட்டம் மனத்தில் தோன்றும் விதம் பெரும்பாலும் விளக்கப்படாததாகவே உள்ளது என்றுதான் கூறுகிறது. திருச்சபையே காரணம் கூறாத இடத்தில், மாமியார் மருமகளைக் குற்றஞ்சாட்டுவது எதற்கு?

அடுத்த கேள்வி: 'இதற்கு மருந்து உண்டா?' நோய்க்கன்றோ மருந்து! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன் நோய்ப்பட்டியலிலிருந்து இதை நீக்கிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அவ்வாறே செய்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயன்று என அறிவித்தது. அதற்கு முன் பல நாடுகளில் படம் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தும், குமட்டல் மருந்து கொடுத்தும் மனிதரை மாற்ற முயன்று, அவர்களது மனத்தைப் புண்ணாக்கியதே மிச்சம். நம்மிடையே மருத்துவமனையோடு நின்றுவிடுவதில்லை. பேய் பிடித்ததெனச் சொல்லி மந்திரித்துக் கட்டுவதும், பட்டினி போடுவதும், திருத்தலத்தில் நாள்கணக்கில் தங்கவைப்பதும் நடக்கின்றன. செபம் செய்வது நன்று. பிள்ளையோடு அமர்ந்து செபிப்பது அதனினும் நன்று. பிள்ளைக்கு எதிராகச் செபத்தை ஆயுதமாக்குவது எவ்வாறு நன்றாகும்?

'இது பாவமன்றோ?' என்பது மூன்றாவது கேள்வி. திருச்சபையின் போதனையை மழுப்பாமல் சொல்லுவோம். உடலுறவு ஆணும் பெண்ணும் இணையும் திருமணத்திற்கே உரியது. ஒரே பாலினத்தவரிடையே நிகழும் உறவைத் திருச்சபை ஏற்பதில்லை. இந்நாட்டம் உடையோரைக் கற்பு வாழ்வுக்கு அழைக்கிறது. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் அதைத் தெளிவாய்க் கூறுகிறது. அந்நாட்டத்தையே ஒழுங்கு பிறழ்ந்ததென அந்நூலின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பு குறிப்பிடுவதும், அச்சொல் பல பிள்ளைகளைப் புண்படுத்தியிருப்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் நாட்டம் இருப்பது பாவமென்று திருச்சபை எங்கும் கற்பிக்கவில்லை. விரும்பித் தேர்ந்துகொள்ளாத ஒன்று எவ்வாறு பாவமாகும்? அந்நூலே அடுத்த எண்ணில், இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் சாயல்கூட இருத்தலாகாது என்றும் பணிக்கிறது. முதற்பாதியை மனப்பாடமாய்ச் சொல்லும் நம் மக்களுக்கு மறுபாதி தெரியாமற்போனது வியப்பே.

பெற்றோரை நோக்கியே பேசிய ஏடுகளும் உண்டு. அமெரிக்க ஆயர்கள் 1997இல் வெளியிட்ட மடலின் தலைப்பே, 'என்றும் நம் பிள்ளைகள்' என்பது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், டப்ளின் நகர்க் குடும்ப மாநாட்டிலிருந்து திரும்பும் விமானத்தில், தன்பாலீர்ப்புள்ள மகனின் தந்தைக்கு என்ன சொல்வீர் என்று திருத்தந்தை பிரான்சிசிடம் கேட்கப்பட்டது. செபியுங்கள், கண்டனம் செய்யாதீர்கள், பேசுங்கள், புரிந்துகொள்ளுங்கள், பிள்ளைக்கு இடம் கொடுங்கள் என்பது அவர் மறுமொழியின் சாரம். பேசாமல் இருப்பது மருந்தாகாது. அத்தகைய பிள்ளையைக் கண்டும் காணாததுபோல் விடுவது தாய் தந்தையர்க்குரிய பண்பிலேயே குறையாகும் என்றும் சொன்னார். 2025 ஏப்ரல் 21இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் சொன்னதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கேட்டோம் என்பது வேறு செய்தி.

புரிந்துகொள்ளுதல் என்பது என்ன? அதற்கொரு சான்று நம் தமிழகத்திலேயே, அதுவும் நீதிமன்றத்தில் கிடைக்கிறது. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், தம் உறவைப் பெற்றோர் ஏற்காமையால், சென்னைக்கு வந்து தங்கினர். பெற்றோர் 'காணவில்லை' எனக் காவல் நிலையத்தில் முறையிட்டனர். பாதுகாப்பு வேண்டி அப்பெண்கள் உயர்நீதிமன்றத்தை அணுகினர். வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டித் தீர்ப்பெழுதிவிடவில்லை. பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசினார். இரு சாராரையும் உளவியல் வல்லுநரிடம் அனுப்பினார். அப்பெற்றோர் கொடியவர்கள் அல்லர். ஊர் என்ன சொல்லும், மகளுக்கு யார் துணை, வம்சம் என்னாவது என்றெல்லாம் கலங்கிய சாதாரண மனிதர்கள். மகள் மணமின்றியே வாழ்ந்தாலும் மேல் என்று எண்ணியவர்கள். பின்னர் நீதியரசர் ஒரு செயல் செய்தார். இப்பொருளைத் தாமே முழுமையாய் அறியவில்லை என்று வெளிப்படையாய் எழுதி, அறிந்துகொள்வதற்காக உளவியலாரிடம் தாமும் பாடம் கேட்டார். அதன்பின்னரே 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். வயது வந்த இருவர் தம் விருப்பத்தின்பேரில் சேர்ந்திருப்பது தெரியவந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு காவலர் முறையீட்டை முடித்துவிட வேண்டும். மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வது கூடாது என்பன அதில் அடங்கும். மறு ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் நெறிக்கு மாறான குற்றமெனவும் அறிவித்தது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தோர் மனமொத்து வாழ்வதைத் தொடாதென உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாளே தீர்ப்பளித்துவிட்டது. ஆதலின் 'போலீசில் பிடித்துக் கொடுப்பேன்' என்னும் மிரட்டலுக்கு இப்போது பொருளில்லை. சட்டமும் திருச்சபையும் எல்லாவற்றிலும் ஒரே குரலில் பேசுவதில்லை. பேச வேண்டுமென்பதும் இல்லை. எனினும் உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவரே கற்றுக்கொள்ள இறங்கி வந்தாரென்றால், சொந்தப் பிள்ளையைப் பெற்றவர் இறங்கி வரலாகாதா?

நாம் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பெற்றோர் முடிவெடுப்பதே அது. பெண் பார்க்கின்றனர், நிச்சயம் செய்கின்றனர், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. மாப்பிள்ளை வாடிய முகத்தோடு நிற்கிறான். வெட்கம் என்று எல்லாரும் எண்ணுகின்றனர். பிறகு நடப்பது என்ன? ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண் வந்து சேர்கிறாள். கணவன் தன்னை ஏன் விலக்குகிறான் என அறியாமல், தன் அழகிலும் குணத்திலும் குறை தேடுகிறாள். குழந்தை இல்லையென்ற பழியும் அவள் தலையிலே. ஒரு பிள்ளையின் துயரத்தை மறைக்க இன்னொருவர் பெற்ற பிள்ளையைப் பலியிடுவதற்கு எந்தத் தாய்க்கு உரிமை உண்டு? அச்சுறுத்தலாலோ கட்டாயத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1103). மண வாழ்வின் இன்றியமையாக் கடமைகளை ஏற்க மனத்தளவில் இயலாதவரின் சம்மதமும் செல்லாது (எண் 1095). திருச்சபை நீதிமன்றங்களுக்கு இத்தகைய வழக்குகள் வருகின்றன. வழக்கு முடிவதற்குள் அப்பெண்ணின் இளமை போய்விடுகிறது. திருமண முன்விசாரணையில் குருவானவர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பது வெறும் சடங்கன்று. 'முழுச் சுதந்திரத்தோடு வருகிறாயா?' என்று கேட்கும்போது, 'இல்லை, சுவாமி' என்று சொல்லவும் அவ்வறையில் இடமுண்டு. அங்கே சொல்லப்பட்டதைக் குரு தெருவிற்குக் கொண்டு வரமாட்டார்.

ஒரு மாலைப்பொழுதில் உங்கள் மகனோ மகளோ நடுங்கும் குரலில் உங்களிடம் இதைச் சொன்னால், அன்று தெளிவான விடையெல்லாம் வேண்டுவதில்லை. பிள்ளை பல ஆண்டுகளாய்ச் சுமந்ததை நீங்கள் ஒரே இரவில் சுமந்து பழக முடியாது. அழுகை வந்தால் அழலாம். 'வெளியே போ' என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரலாகாது. தந்தையின் கை ஓங்கலாகாது. இரவு உணவிற்கு வழக்கம்போல் இலை போடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் பேசலாம். பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்னரே அவன் எப்படி வாழப்போகிறான் என்று தீர்ப்பெழுத வேண்டா. அவன் மனச்சான்றோடும் திருச்சபையோடும் அவன் நடத்தவேண்டிய நெடும்பயணம் அது. அதில் உடன் நடப்போர் வீட்டிலேயே இருந்தால் நலம்.

'ஊருக்கு என்ன சொல்வது?' என்பார்கள். ஊருக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. செய்தி பிள்ளைக்குச் சொந்தம். அவன் இசைவின்றி அத்தையிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ, பக்த சபைத் தலைவியிடமோ அதைச் சொல்லலாகாது. உணவை ஒதுக்கி, உறக்கமின்றி, உயிரே வேண்டாமென்று பிள்ளை பேசத் தொடங்கினால் நாள் கடத்த வேண்டா. 14416 என்னும் அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் செல்வதாயின், மனத்துயரைத் தணிக்க உதவுபவரிடம் செல்லுங்கள். ஆளையே மாற்றித் தருவேன் என்று வாக்களிப்பவரிடம் வேண்டா. பங்குக் குருவிடம் பேச விரும்புவோர் மாலைத் திருப்பலி முடிந்தபின் குருமனைக்கு வரலாம். பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதில்லை. முதலில் பெற்றோர் மட்டும் வந்தால் போதும்.